பலகை அறுக்கும் இடத்தில் பறக்கும் தூள்

நேயர்களுக்கு வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அலமாரி வேலை நடக்கும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். பால்கனியில் எம்.டி.எஃப். பலகையை வட்ட ரம்பத்தால் அறுப்பார்கள். மாலையில் ஒருவர் அந்தத் தூளைத் துடைப்பத்தால் கூட்டுவார். நான் பேச வந்தது அந்தத் துடைப்பத்தைப் பற்றித்தான்.

மரத்தை நாராகப் பிரித்து, பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை கலந்து, சூடாக்கி அழுத்தினால் எம்.டி.எஃப். அதை அறுத்தால் சீவல் வராது, மாவாகத்தான் வரும். தரையில் குவிந்தது கனமான தூள். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியது இன்னும் காற்றில் மிதக்கிறது. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளி உங்கள் பக்கம் வரும்படி வைத்து, கண்ணில் நேராகப் படாமல் மறைத்துக்கொண்டு பாருங்கள், தெரியும். பிறகு துடைப்பத்தை எடுங்கள். தரையில் விழுந்த தூளும் மறுபடி எழும்பும்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிகளுக்குப் பெயர் பெற்றது. 1960களில் அங்கே எஸ்மே ஹேட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர், மூக்கின் உட்பகுதியில் அரிய வகைப் புற்றுநோயோடு வந்தவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளர்கள் என்பதைக் கவனித்தார். அவர்கள் அறுத்தது அசல் மரம், எம்.டி.எஃப். அல்ல. ஆனாலும் மரத்தூள் மரத்தூள்தானே? "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வியை நம் மருத்துவர்களும் கேட்கவேண்டும் என்று போகும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே பிரிவுக்கு வந்தது. 'ஈ1' முத்திரை உள்ள பலகையில் ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வெளிவரும், நல்லதுதான். ஆனால் தூள் குறையாது.

ஆகவே, தூள் பிறக்கும் இடத்திலேயே, ரம்பத்தின் பல் அருகிலேயே அதை உறிஞ்சி எடுக்கவேண்டும். பல ரம்பங்களில் தூள் வெளியேற ஒரு வாய் உண்டு. அதில் நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டியுள்ள, எம் வகை வேக்குவம் கிளீனரின் குழாயை மாட்டுங்கள். சாதாரண வீட்டு வேக்குவம் நுண்தூளைப் பின்பக்கம் திருப்பி ஊதிவிடக்கூடும். தரையையும் அந்த எம் வகையாலேயே சுத்தம் செய்யுங்கள். துடைப்பம் வேண்டாம். காற்றுக் குழாயால் சட்டையை ஊதவும் வேண்டாம். இன்னும் நல்லது, பலகையைப் பட்டறையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குவது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். முகக்கவசம் பற்றி இரண்டே வார்த்தை: முகத்தில் கட்டிய துண்டு நுண்தூளைத் தடுக்காது. நுண்தூளை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 வகை முகக்கவசம் வாங்குங்கள், தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. தூள் மூட்டைக்கு அருகே பீடி, வெல்டிங் பொறி எதுவும் கூடாது. வணக்கம்.