ஹன்லேயில் வானத்தைக் காவல் காப்பது யார்?

வணக்கம் நண்பர்களே! ஆராய்ச்சி நிலையங்கள் ஊர் மக்களுக்கு அறிவியலை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஹன்லேயைத்தான்.

லடாக்கின் கிழக்கு ஓரம், சீன எல்லைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரம். அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் தொடர்பு வழியாக அதை இயக்குகிறார்கள். ஜவ்வாது மலையில் இருக்கிற நம்ம காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

யோசித்துப் பாருங்கள். மலைமேல் அவ்வளவு பெரிய கருவி, அதை இயக்குபவர் பெங்களூர்ப் பக்கம். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற குடும்பங்களுக்கு அதனால் என்ன? அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2022 டிசம்பரில் ஹன்லேயைச் சுற்றியுள்ள பகுதியை இருள் வான் காப்பகமாக, அதாவது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தை இருட்டாகவே காக்கிற இடமாக, அறிவித்தார்கள். அப்புறம் அந்தக் கிராமங்களிலிருந்தே 24 பேரைத் தேர்ந்தெடுத்து, வானியல் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கிகளையும் அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள். வானியல் தூதர்கள் என்று பெயர். வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு இரவில் வானத்தைக் காட்டுவது அவர்கள்தான். அதில் வருமானமும் உண்டு.

கொடுத்தது டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். எளிமையான டாப்சோனியனில் மோட்டார் கிடையாது, கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். பூமி சுற்றுவதால் சனிக்கோள் கொஞ்ச நேரத்திலேயே பார்வையை விட்டு நகர்ந்துபோகும். மறுபடி தேடிப் பிடித்து, அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். அப்படித் தினமும் செய்கிறவருக்கு எந்த நட்சத்திரம் எந்த மாதம் எங்கே எழும் என்பதெல்லாம் தானாக மனப்பாடமாகிவிடும். ஒருநாள் சுற்றுலாவாக மாணவர்களை பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சுவரில் படம் காட்டினால் இது வருமா? வராது.

இன்னொன்று. ஆராய்ச்சியாளர்களுக்கும் ஊர் மக்கள் தேவை. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு காரின் ஹெட்லைட் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பெரிய தொலைநோக்கிக்கும் ஊர் வெளிச்சம் எதிரிதான், மங்கலான விண்மீன் திரள்களை அது மறைத்துவிடும். சட்டம் போட்டு எத்தனை விளக்கை அணைக்க முடியும்? வானம் இருட்டாக இருந்தால்தான் தன் வீட்டுக்கு விருந்தாளி வருவார் என்று தெரிந்தவர் ஜன்னலுக்குத் தானே திரைபோடுவார், தெருவிளக்கைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்வார்.

அதனால்தான் சொல்கிறேன், ஆய்வகங்கள் பள்ளிகளுக்குப் போவதோடு நிறுத்தக் கூடாது. கருவியைக் கொடுங்கள், கற்றுக்கொடுங்கள், அந்த ஊர்க்காரரையே பேச விடுங்கள். நம் ஊரில் ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்படி இருபது இளைஞர்கள் கிடைக்க மாட்டார்களா? கண்டிப்பாகக் கிடைப்பார்கள்.

காவலூருக்குப் போக நினைப்பவர்கள் பார்வையாளர் நேரத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் பள்ளிக்கு எந்த ஆய்வகத்திலிருந்தாவது ஆள் வந்திருந்தால், அங்கே என்ன நடந்தது என்று கமென்டில் எழுதுங்கள்.