திரும்பி வருபவரின் முதுகுக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம். போர்முனையிலிருந்து வீடு திரும்பும் படைவீரர்களையும், அவர்களுக்காகக் காத்திருந்த குடும்பத்தாரையும் சிறப்பிக்கும் புகைப்படங்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். படத்தைக் காட்ட வழியில்லாத வானொலியில் இதைப் பேசுவதில் ஒரு நன்மை உண்டு. எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும் என்பதால், படத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பேசுபவனும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதற்படம் 1943 ஜூலை 15 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விலிஸ்கா என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. வட ஆப்பிரிக்கப் போர்க்களத்திலிருந்து லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் மூர் ஊர் திரும்புகிறார். ஏழு வயது மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள, அவர் குனிந்து அவளை அணைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவி கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். நடப்பது என்னவென்று விளங்காத ஒரு சின்னப் பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒமாஹா வேர்ல்ட் ஹெரால்ட் நாளிதழின் புகைப்படக்காரர் ஏர்ல் பங்கர் எடுத்த இந்தப் படத்துக்கு 1944இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்நாளைய பத்திரிகைக் கேமராக்களில் தாள் ஃபில்ம்தான். ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்ததற்குத் தயாராவதற்குள் கட்டிப்பிடித்தவர்கள் விலகிவிடுவார்கள். ஆகவே எங்கே நிற்பது என்பதை ரயில் வருவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

பரிசு பெற்ற இந்தப் படத்தில் போர்வீரரின் முகமே தெரியாது. பெயரும் பதவியும் படத்தின் கீழே அச்சாகியிருக்கும் வரியில்தான் இருக்கின்றன. படத்துக்குள் இருப்பது மகளின் பிடியும், மனைவியின் கையும்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் துனீசியாவில் நடந்த சண்டையில் அயோவாவின் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் பலர் சிறைப்பட்டார்கள். அந்த வட்டாரத்து வீடுகளுக்கு 'காணவில்லை' என்ற தந்திகள் அடுத்தடுத்து வந்தன. ஒருவர் திரும்பிய நாளில், இன்னும் திரும்பாதவர்களின் வீடுகளும் அதே ஊரில்தான் இருந்தன. இதை அறிந்த பிறகு அந்தத் தாயின் முகத்தை மூடிய கையை வெறும் ஆனந்தக் கண்ணீராக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது படம் முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தியது. வியட்நாம் போர் முடிவுக்கு வந்தபோது, 1973 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வட வியட்நாமும் அதன் தரப்பினரும் 591 அமெரிக்கப் போர்க்கைதிகளை விடுவித்தார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஸ்டர்ம். அவருடைய விமானம் 1967 அக்டோபர் 27 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. ஐந்தரை ஆண்டுகளுக்கு நெருக்கமாகச் சிறையில் இருந்தார். 1973 மார்ச் 17 அன்று கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானத் தளத்தில் அவர் இறங்கி நின்றபோது, பதினைந்து வயது மகள் இரு கைகளையும் அகல விரித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் தம்பிமார் இருவரும் தங்கையும் அம்மாவும். மகளின் கால்கள் தரையில் பாவவில்லை. அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் சால் வீடர் எடுத்த இப்படம் 1974ஆம் ஆண்டுப் புலிட்சர் பரிசைப் பெற்றது. தளத்தில் இருட்டறை கிடையாது என்பதால், வீடருடைய நிறுவனத்தார் பெண்கள் கழிப்பறையையும், போட்டி நிறுவனத்தார் ஆண்கள் கழிப்பறையையும் இருட்டறையாக்கி ஃபில்மைக் கழுவினார்களாம். உலகம் சுற்றிய ஒரு படம் பிறந்த இடம் அது.

இதிலும் ஸ்டர்மின் முகம் தெரியாது. சீருடை அணிந்த முதுகு மட்டுமே கேமராவின் பக்கம் இருக்கிறது. இது தற்செயல் அன்று என்பது என் எண்ணம். திரும்பி வருபவரின் முகத்தை எதிர்கொண்டு எடுத்தால் அது ஒரு வீரரின் படம். அவருக்குப் பின்னால் நின்று எடுத்தால், அவர் காணும் காட்சியே நமக்கும் கிடைக்கிறது. காத்திருந்தவர்களின் முகங்கள் அப்போதுதான் படத்துக்குள் வருகின்றன. பதக்கம், அணிவகுப்பு, பேண்டு வாத்தியம் எல்லாம் சீருடை போட்டவருக்கு. மாதச் சம்பளத்தில் வீட்டை நடத்தி, பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் தனியாக ஈடுகொடுத்து, வாசலில் யாராவது அதிகாரி வந்து நின்றால் நெஞ்சு பதைத்தவர்களுக்கு அரசாங்கம் தரும் மரியாதை அநேகமாக எதுவும் இல்லை. அந்தக் குறையை ஓரளவாவது தீர்ப்பது முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் படம்தான். நம்மவர்கள் இதைக் கேமரா இல்லாமலே ஒருமுறை செய்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரி இறுதியில் விமானப்படை அதிகாரி அபிநந்தன் வர்தமான் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டிருந்தபோது, அவரை வரவேற்கச் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் சென்ற பெற்றோரை அடையாளம் கண்டுகொண்ட சக பயணிகள், எழுந்து நின்று கைதட்டி அவர்களை முதலில் இறங்க விட்டார்கள்.

டிராவிஸ் தளத்துப் படத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் தெரியாத இன்னொரு செய்தி உண்டு. விடுதலையான நாளில், அதாவது படம் எடுக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, பிலிப்பைன்ஸில் உள்ள கிளார்க் விமானத் தளத்தில் ஒரு பாதிரியார் ஸ்டர்மின் கையில் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று மனைவி எழுதியிருந்த கடிதம் அது. ஓராண்டுக்குள் மணமுறிவு நடந்தது. ஆக, நாடே கொண்டாடிய அந்த மகிழ்ச்சிப் படத்தில் முகம் தெரியாமல் நின்றவர், ஓடி வருபவர்களில் ஒருவரான மனைவியைப் பற்றி, படம் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு நின்றிருக்கிறார். ஐந்தாண்டுக்கும் மேலாகக் கணவர் உயிரோடு வருவாரா என்றே தெரியாமல் நான்கு பிள்ளைகளை வளர்த்த பெண்ணைக் குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அந்த நியாய அநியாயம் நம்முடையதும் அன்று. பிள்ளைகள் நால்வரும் இந்தப் படத்தைத் தம் வீடுகளில் மாட்டியிருந்தார்கள். தந்தையிடம் பிரதிகள் பல இருந்தும் அவர் மாட்டவில்லை.

ஒரே படம், ஒரே குடும்பம். பிள்ளைகளுக்கு அது அப்பா திரும்பிய நாள், அவருக்கு வேறொன்று. புகைப்படக்காரர் பொய் எதையும் எடுக்கவில்லை. மகளின் ஓட்டம் முழு உண்மை. இருந்தும் அந்த ஒரு நொடியைச் செய்தித்தாள் வாசகர்கள் ஒரு குடும்பத்தின் முழுக் கதையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே சங்கடம்.

கனடாவிலும் இதை ஒத்த ஒன்று நடந்தது. 1940 அக்டோபர் 1 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் படைவீரர்கள் மலைச்சரிவான தெருவில் அணிவகுத்து இறங்குகையில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அம்மாவின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு அப்பாவை நோக்கி ஓடுகிறான். அப்பா பின்னால் கையை நீட்டுகிறார். கிளாட் டெட்லாஃப் எடுத்த அந்தப் படம் பிரியும் நேரத்தைச் சொல்வது. அந்தச் சிறுவனை, போர்ச் செலவுக்கு மக்களிடம் கடன் திரட்டும் போர்ப் பத்திரங்கள் விற்கும் மேடைகளிலும் ஏற்றினார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மரியாதை செய்வதற்கும் பயன்படுத்திக்கொள்வதற்கும் நடுவே உள்ள கோடு அத்தனை மெல்லியது. 1945இல் தந்தை வான்கூவர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, அதே டெட்லாஃப் போய் நின்று மறுசந்திப்பையும் படமெடுத்தார். அந்த இரண்டாவது படத்தை அறிந்தவர் சிலரே. 2014இல் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் வெண்கலச் சிலையாக எழுந்ததும் பிரியும் காட்சிதான். அந்தப் பெற்றோரும் போருக்குப் பின் பிரிந்தார்கள்.

இன்று இத்தகைய படங்களைப் பத்திரிகைக்காரர்கள் மட்டும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பலர், படைவீரர் புறப்படும் நாளிலும் திரும்பும் நாளிலும் குடும்பத்துக்குக் கட்டணமின்றிப் படம் எடுத்துத் தருகிறார்கள். அங்கே கடற்படைக் கப்பல் துறைமுகம் திரும்பும்போது, கடலில் இருந்த காலத்தில் குழந்தை பிறந்த தந்தையரை முதலில் இறக்கிவிடும் வழக்கம் உண்டு. 'முதல் முத்தம்' என்று சீட்டு எழுதிக் குலுக்கி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுப்பார்கள். 2011 டிசம்பரில் வர்ஜீனியாவில் கரைசேர்ந்த ஓக் ஹில் என்னும் கப்பலில் அந்தச் சீட்டு ஒரு பெண் மாலுமிக்கு விழுந்தது. கரையில் அவருக்காகக் காத்திருந்தவரும் ஒரு பெண். தன்பாலினத்தவர் தம்மை மறைத்துக்கொண்டுதான் படையில் பணிபுரியலாம் என்ற விதி அதற்கு மூன்று மாதம் முன்புதான் நீங்கியிருந்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட துணைவர்கள் துறைமுகத்தில் யாரோ தெரிந்தவர் போலத்தான் நிற்க வேண்டியிருந்தது.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்குத் தொழில் சார்ந்த இரண்டொரு சொல். வருகை நேரம் பாதுகாப்புக் காரணங்களால் முன்கூட்டி வெளியிடப்படாது. நள்ளிரவு தாண்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு விமானக் கொட்டகையில் நிற்க வேண்டி வரலாம். அங்கே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். அதைவிட முக்கியம், ஒன்றரை வயதுக் குழந்தை அப்பாவை அடையாளம் தெரியாமல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழும். நீட்டிய கையோடு அவர் அப்படியே நிற்பார், பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு உட்காருவார். "இன்னொரு தடவை ஓடி வாங்க" என்று அப்போது கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. அந்தக் குழந்தை அப்பாவின் விரலைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

பெட்டியில் திரும்புபவர்களும் உண்டு. வெளிநாட்டில் இறந்த அமெரிக்க வீரர்களின் உடல்கள் டெலாவேர் மாநிலத்தின் டோவர் விமானத் தளத்துக்கு வருகின்றன. அங்கே படமெடுக்க 1991 முதல் பத்திரிகைகளுக்குத் தடை இருந்தது. அதைக் குடும்பத்தின் துயரைக் காக்கும் ஏற்பாடு என்றார்கள் ஒரு சாரார். போரின் விலையை மக்கள் கண்ணில் படாமல் மறைப்பது என்றார்கள் மறுசாரார். 2009 பிப்ரவரியில் தடை நீங்கியது, ஒரு நிபந்தனையோடு: இறந்தவரின் குடும்பம் சம்மதித்தால் மட்டுமே கேமராவுக்கு அனுமதி. அரசும் பத்திரிகையும் பதினெட்டு ஆண்டுகள் வாதாடிய விஷயத்தை முடிவுசெய்யும் உரிமை கடைசியில் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது.

சவப்பெட்டிக்குக் கேட்கும் இந்தச் சம்மதத்தை உயிரோடு வருபவருக்கும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மகிழ்ச்சியான படம்தானே, யார் மறுக்கப்போகிறார்கள் என்று எண்ணி உடனே வெளியிட்டுவிடுகிறோம். எடுத்த படங்களை முதலில் அந்த வீட்டில் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து, ஆரவாரமெல்லாம் அடங்கியபின், கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டுவிட்டு வெளியிடுவதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை. நன்றி, வணக்கம்.