கண்ணாடிய உடைக்கறது சூடு இல்ல

வணக்கம். கண்ணாடி டம்ளர்ல கொதிக்கிற தண்ணிய ஊத்துனா படார்னு விட்டுருது, உடனே சூடு தாங்கலன்னு சொல்லிடறோம். ஆனா அதே டம்ளர பச்சத்தண்ணியோட பாத்திரத்துல போட்டு மெதுவா கொதிக்க விட்டா அனேகமா ஒண்ணும் ஆகாது. ஆக சூடு இல்ல பிரச்சனை, ஒரு பக்கம் சூடு மறுபக்கம் குளிர்ச்சி, அந்த வித்தியாசம்தான்.

சாதா கண்ணாடில ஒரு மீட்டர் கம்பி செஞ்சு 100 டிகிரி ஏத்துனா சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும், இரும்பு இதவிட அதிகமாவே நீளும், ஆனா இரும்பு கொஞ்சம் நெளிஞ்சு குடுத்துரும், சூட்டையும் சட்டுனு பரப்பிரும், கண்ணாடிக்கு ரெண்டுமே வராது.

அதுலயும் சூடான கண்ணாடில பச்சத்தண்ணி படறதுதான் ரொம்ப மோசம். மேல்பரப்பு சுருங்கப் பாக்கும், உள்ள இன்னும் சூடு, அது விடாது, அதனால மேல்பரப்பு இழுபடும். கண்ணாடி அமுக்குனா தாங்கும், இழுத்தாதான் வம்பு, ஏன்னா மேல கண்ணுக்கே தெரியாத கீறல் ஏகப்பட்டது கிடக்கும், இழுவிசை மொத்தமும் அந்தக் கீறலோட நுனில போய் குவியும். 1920கள்லயே இங்கிலாந்துல கிரிஃபித்னு ஒரு இன்ஜினியர் இதக் கணக்கு போட்டே காட்டிட்டாரு.

அமெரிக்க ரயில்வேல சிக்னல் லாந்தருக்கு இதே தலைவலிதான், உள்ள திரி எரியுது, வெளிய மழையும் பனியும் அடிக்குது, கண்ணாடி வெடிச்சா சிக்னலே போச்சு. போரான் சேத்த கண்ணாடி ஜெர்மனில ஓட்டோ ஷாட்னு ஒரு வேதியியலாளர் ஏற்கனவே செஞ்சதுதான், அமெரிக்காவோட கார்னிங்ங்கற கண்ணாடிக் கம்பெனியும் அந்த வழில போய் லாந்தருக்கு ஒண்ணு செஞ்சது. 1913ல அங்க வேல பாத்த லிட்டில்டனோட மனைவி, அந்தக் கண்ணாடில செஞ்ச பேட்டரி ஜாடியோட அடிப்பாகத்த அறுத்து வாங்கி அதுலயே கேக் சுட்டுட்டாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச பரிசோதனை இது! 1915ல கார்னிங்கோட பைரெக்ஸ் பாத்திரம் கடைக்கு வந்துருச்சு. போரோசிலிகேட், அதாவது இந்த போரான் கண்ணாடி, சூட்டுல நீளறது சாதா கண்ணாடி நீளறதுல மூணுல ஒரு பங்குதான், அதான் ரகசியம்.

இன்னொண்ணு, தடிமனா இருந்தா உறுதின்னு நெனச்சு வாங்காதீங்க, தடிமன் கூடுனா உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமும் கூடும். லேப்ல சூடேத்துற பீக்கர் மெல்லிசா இருக்கறதே அதுக்காகத்தான். அப்புறம் ஓவன் பாத்திரம்னு விக்கறதெல்லாம் போரோசிலிகேட் கிடையாது, டெம்பர் பண்ண, அதாவது சூடாக்கி சட்டுனு ஆறவச்சு உறுதியாக்குன, சாதா கண்ணாடியும் நிறைய வருது, லேபிள படிச்சுப் பாத்து வாங்குங்க, எதுவா இருந்தாலும் அடுப்புலேர்ந்து எடுத்த கையோட ஈர மேடை மேல வைக்காதீங்க.