ஊர் வாயை அளப்பது எப்படி?

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, விழாக் குழுவினரே, வேலையை விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த தம்பிக்குத் தனியாக நன்றி.

மீம் என்றால் என்ன, அதை எப்படி அளப்பது, அது எப்படிச் சாகிறது, இந்த மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

மீம் என்றதும் கைப்பேசியில் வரும் கேலிப்படம்தான் நமக்கு நினைவு வருகிறது. 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இந்தச் சொல்லை உருவாக்கியபோது மெட்டு, உடை, பேச்சு என ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து பரவும் எல்லாவற்றையும் அதில் அடக்கினார். பிசகாமல் நகலாவது, நிறைய நகலாவது, நெடுநாள் நிலைப்பது என்று மூன்று குணங்களையும் சொன்னார். சரி, முழுப் பாட்டு ஒரு மீமா, நாம் முணுமுணுக்கும் ஒரு வரி மட்டும் மீமா? எல்லை தெரியாத பொருளை எப்படி எண்ணுவது? உளவியலுக்கு இது பெரிய சிக்கல்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட முடியாவிட்டாலும் அளக்கலாம் என்று காட்டியவர் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட். ஒருவர் நினைவிலிருந்து எழுதிய கதையை அடுத்தவர் படித்து, தன் நினைவிலிருந்து எழுத வேண்டும். இப்படியே கைமாறியதில், கதையில் இருந்த சீல் என்னும் கடல் விலங்கின் வேட்டை மீன்பிடிப்பாக மாறிப்போனதை 1932இல் வந்த தம் நூலில் காட்டினார். பழகாத விஷயத்தை மனம் பழகியதாக்கிக்கொள்கிறது.

இதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். இருபது பிள்ளைகள். முதல் பையன் காதில், “நாளை மழை பெய்தால் தேர்வு தள்ளிப்போகலாம்” என்றேன். கடைசிப் பெண் எழுந்து, “நாளைக்குத் தேர்வு ரத்து, பள்ளிக்கூடம் லீவு!” என்றாள். ஒரே கைதட்டல். மழை எங்கே போயிற்று? ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். நான்காவது காதிலேயே ‘பெய்தால்’ உதிர்ந்துவிட்டது. ஏழாவது காதில் ‘தள்ளிப்போகலாம்’ என்பது ‘கிடையாது’ ஆனது. பொய் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அதற்குள் மணி அடித்து, செய்தி பக்கத்து வகுப்புக்கும் போய்விட்டது. மறுநாள் அங்கே மூன்று பேர் தேர்வுக்கே வரவில்லை! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அருவருப்பூட்டும் வதந்தியை மற்றவர்களிடம் சொல்ல மக்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று ஆய்வாளர் சிப் ஹீத்தும் அவருடைய சகாக்களும் 2001இல் கண்டார்கள். அதனால்தான் மேடைதோறும் கேட்கிறேன். வாரம் ஒரு பாடவேளை, ஒரே ஒரு பாடவேளை, ‘அனுப்பும் முன் விசாரி’ என்று பள்ளிகளில் வையுங்கள். அந்த மூன்று பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மீம் எப்படிச் சாகிறது என்பதற்கு இன்று நேரமில்லை. வாசல் மேசையில் அந்தப் பாடவேளை கேட்கும் மனு இருக்கிறது. போகும்போது ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.