கச்சான் வெயிலைத் தாங்கும் பசை

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் குஷன் வேலைக் கடைகளுக்கு ஒரே முறைப்பாடுதான் வரும்: வாகனத்தில் ஒட்டின கூரைச் சீலை பிரிந்து தொங்குகிறது. பழி பெரும்பாலும் வேலை செய்தவர் தலையில் விழும். ஆனால் பிழை இருப்பது பசையின் வகையில்.

நாம் வாங்கும் மஞ்சள் நிறக் கொன்டாக்ட் கம்மில் இருப்பது கரைப்பானில் கரைத்த நியோபிரீன் இறப்பர். கரைப்பான் பறந்ததும் இறப்பர் படலம் மிஞ்சும். சூடேறினால் அந்தப் படலம் இளகும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் கூரைத் தகடு 60 பாகை செல்சியஸை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டில், இழுவையில் இருக்கிற சீலை மெல்ல மெல்ல நழுவும்.

இதற்கு வழி இரண்டு பாகப் பசை. அதில் அதே கம்மோடு ஐசோசயனேற்று என்ற ஹாட்னரை, அதாவது இறுக்கியை, சேர்க்கிறோம். அது இறப்பர் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். பிணைந்த இறப்பர் லேசில் இளகாது. தயாரிப்பைப் பொறுத்து 100 பாகை அளவுவரை தாங்கும். அதற்காக சைலன்சரில் ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

கலவை விகிதம் தகரத்திலேயே இருக்கும். பொதுவாக 100 கிராம் கம்முக்கு 5 கிராம் ஹாட்னர். கண்மதிப்பில் ஊற்றுவதுதான் முதல் பிழை. குறைந்தால் வெயிலில் இளகும். கூடினால் ஒட்டு மொறுமொறுப்பாகி, மடியும் இடத்தில் வெடிக்கும். சின்ன டிஜிற்றல் தராசு ஒன்று போதும். கலந்த பசை சில மணித்தியாலங்களில் கட்டிபட்டுவிடும். அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மிச்சத்தைத் தாய்த் தகரத்தில் ஊற்றினால் முழுத் தகரமும் போச்சு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பசை தடித்துவிட்டது என்று சாதாரண தின்னர் ஊற்றுவார்கள். அந்தத் தின்னர்களில் பலவற்றில் அற்ககோல் கலந்திருக்கும். அற்ககோலைக் கண்டால் ஹாட்னர் இறப்பரை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொள்ளும். கூடுதல் விலை கொடுத்து வாங்கியது வீண். ஸ்பிரிட்டும் அற்ககோல்தான்; ஒட்டும் இடத்தை அதனால் துடைத்தாலும் நன்றாகக் காயவிட்ட பிறகே பசை பூசுங்கள். படகுக்கு ஒயில் கலந்து வைத்த பெற்றோலால் துடைப்பது அதைவிட மோசம். ஒயில் படிந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

ஒட்டப்போவது இறப்பர், தகடு என்றால் அவற்றைச் சான்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கித் தூசியைத் துடையுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசுங்கள். சீலை, பலகை போல உறிஞ்சும் பொருளென்றால், முதல் பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு. பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் கையோடு வரக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே மூடினால் கரைப்பான் உள்ளே அடைபட்டுக் கொப்புளம் போடும். பொருத்திய பின் நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் ஒருமுறை பலமாக அழுத்துங்கள். மணிக்கணக்கில் பாரம் வைப்பதைவிட அந்த ஒரு அழுத்தம்தான் முக்கியம்.

உடனே பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சூடு தாங்கும் வலு வர நாட்கள் எடுக்கும். இரண்டு மூன்று நாளாவது வண்டியை நிழலில் விடச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுவார்; விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மாரி காலத்தில், வாவிக்கரைக் கடைகளில் குறிப்பாக, பூச்சு வெண்மையாய் மங்கும். கரைப்பான் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். அதன்மேல் ஒட்டாதீர்கள். ஹெயார் டிரையரால் மெல்லச் சூடாக்கி அது தெளிந்த பின் ஒட்டுங்கள். டிரையர் பிடிக்குமுன் பசைத் தகரத்தை மூடித் தூர வையுங்கள். ஹாட்னர் போத்தலுக்கும் ஈரம் பகை. ஈரம் புகுந்தால் உள்ளே வாயு உண்டாகும். மூடிய போத்தல் உப்பினால் அதைப் பாவிக்க வேண்டாம்.

ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பொருளில் செய்த மீன்பெட்டியில் இந்தப் பசை படாதபடி பாருங்கள், கரைத்துவிடும். மிருதுவான பீவீசீ ரெக்சினுக்கு நியோபிரீன் வகை சரிவராது. ரெக்சினிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பசையை இளக்கும். அதற்கு ஹாட்னர் சேர்க்கும் பொலியூரித்தேன் பசை கேட்டு வாங்குங்கள்.

ஆவி தீப்பற்றும், காற்றைவிடப் பாரமானதால் தரையோடு ஊர்ந்து சாம்பிராணித் தட்டையும் தேடிப்போகும். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள். ஐசோசயனேற்று சுவாசத்தைத் தாக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.