கண்டெடுத்த ட்ராக்கை எப்படிக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரானிக் இசை கேட்கிற ஒருவர் புதிதாக ஒரு ட்ராக்கைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை நண்பருக்கு அனுப்புகிறார். நண்பரும் கேட்கிறார். டும், டும், டும், டும். அரை நிமிடம் ஆகியும் அதே டும் டும்தான். நடுவில் ‘ட்ஸ்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்திவிட்டு, “நல்லா இருக்கு” என்று மரியாதைக்கு ஒரு பதில் போட்டுவிடுகிறார். அவர் முழுதாகக் கேட்கவில்லை என்பது அனுப்பியவருக்கும் தெரியும்.

நண்பரைக் குறை சொல்ல முடியாது. ட்ராக்கையும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு நிமிடத் தாளத்தைப் போட்டுவைத்ததே டிஜேக்களுக்காகத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கின் மேல் இதைக் கொண்டுவந்து ஏற்ற இடம் வேண்டுமே, அதற்காக. கடைசியிலும் அப்படி ஒரு வெறும் தாளம் இருக்கும், அடுத்தது வந்து ஏறிக்கொள்ள. ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகளின் ட்ராக்குகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் வருகின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று துணை இருந்தால்தான் அவை முழுமையாகக் கேட்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு ட்ராக் பிடித்துப்போனால், அதை ஒரு மிக்ஸுக்குள், அதாவது பல ட்ராக்குகளை இடைவெளி இல்லாமல் கோத்த ஒரு தொடருக்குள், வைத்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கிற கணினியில் செய்தது போதும்.

வீட்டில் செய்த மிக்ஸ் என்றால் கத்துக்குட்டி வேலை என்று ஒரு எண்ணம் உண்டு. ஆனால் இந்தக் கலையின் வேரிலேயே வீட்டில் செய்த ஒரு நாடா இருக்கிறது. 1970களின் தொடக்கம். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் என்ற தீவு. கோடையில் அங்கே ஆட்டம் பாட்டம்தான். அங்கே போன டாம் மோல்ட்டன் என்ற அமெரிக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூன்று நிமிடப் பாட்டு. ஆடுகிறவர்களுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கிறது, அதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த பாட்டு வேறு வேகத்தில் தொடங்க, கால் தடுமாறி ஆட்கள் களத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். மோல்ட்டன் டிஜே கிடையாது. வீட்டில் உட்கார்ந்து, டேப்பை வெட்டி ஒட்டி, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடைவெளியே தெரியாத 45 நிமிட நாடா ஒன்றைத் தயாரித்தார். அதற்கு 80 மணி நேரம் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் முதலில் அணுகிய இடம் வேண்டாம் என்றுவிட்டது. சாண்ட்பைப்பர் என்ற இன்னொரு இடம் வாங்கிக்கொண்டது.

பிறகு அவர் பாட்டுகளையே நீட்டி மிக்ஸ் செய்யும் வேலைக்கு வந்தார். ஒரு நாள் சோதனைக்கு ஒரு இசைத்தட்டு வெட்டப் போன இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. சரி, பத்து அங்குலத் தட்டில் வெட்டலாம் என்று வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்ததால் கோடுகளைப் பரத்தி அகலமாக வெட்ட முடிந்தது. சத்தமும் பெரிதாக, கனமாக வந்தது. அடுத்து இன்னும் பெரிய தட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு அங்குல சிங்கிள் பிறந்த கதை இது. 1976இல் அது கடைக்கும் வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, முன்னும் பின்னும் வேண்டிய அளவு தாளம். நண்பரைப் பொறுமை இழக்க வைக்கும் அந்த நீண்ட தொடக்கத்தின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

சரி, மிக்ஸ் செய்ய என்னென்ன தெரிய வேண்டும்? முதலில் எண்ணத் தெரிய வேண்டும். வானொலியில் ஒரு வசதி, மேசையில் தட்டியே காட்டிவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இது ஒரு பார். இந்த மாதிரி எட்டு சேர்ந்தால் 32 தட்டு. ஹவுஸ் ட்ராக் எதையாவது போட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். 32 தட்டு முடிந்து அடுத்த ‘ஒன்று’ விழுகிற இடத்தில் பெரும்பாலும் ஏதாவது மாறும். கைதட்டல் ஒன்று சேரும், அல்லது பாஸ் என்கிற கனத்த கீழ் ஒலி நுழையும். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: நான்கு ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 124 தட்டு என்ற வேகத்தில் இது சுமார் பதினைந்தரை விநாடி. புது ட்ராக்கின் முதல் தட்டு, ஓடுகிற ட்ராக்கின் இப்படிப்பட்ட ஒரு ‘ஒன்றில்’ வந்து விழ வேண்டும். தாளம் பிசகாமல் சேர்த்தும் கேட்க ஏதோ உறுத்துகிறது என்றால், பெரும்பாலும் இந்த எடுப்பு தப்பியிருக்கும்.

அடுத்தது வேகம். ஒரு ட்ராக் 124, இன்னொன்று 126 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தட்டு வித்தியாசம்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒன்றாகத் தொடங்கினால் பதினைந்தே விநாடியில் அரைத் தட்டு விலகி, ஒன்றின் அடி இன்னொன்றின் இடைவெளியில் போய் விழும். குதிரை நொண்டுகிற மாதிரி இருக்கும். இதைத் திருத்தத்தான் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தை ஏற்றி இறக்கும் நீளமான விசை. டெக்னிக்ஸ் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 எம்கே2வில் இது எட்டு சதவீதம் மேலும் கீழும் போகும். உலகத்து டிஜேக்களில் பாதிப்பேர் கையைப் பழக்கியது அந்த விசையில்தான் என்றே சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இசைத்தட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். ஆறு சதவீதம் கூட்டினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். தாளத்தைச் சேர்க்கப் போய் சுருதி கெட்டுவிடும். இப்போதைய மென்பொருளில் சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்றலாம். ஆனாலும் ரொம்ப இழுத்தால் ஒலி குழைந்துபோகும். மூன்று, நான்கு சதவீதத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் பிறந்தவை இல்லை என்று விட்டுவிடுவேன். எந்த ட்ராக் எந்த சுருதி என்று மென்பொருள் எண்ணும் நிறமும் போட்டுக் காட்டும். பார்த்துக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. வெறும் தாள வாத்தியம் மட்டும் ஓடுகிற இடத்தில் சுருதி சேராவிட்டால்தான் என்ன?

தானாக வேகம் சேர்க்கும் சிங்க் பொத்தானைத் தொடுவது பாவம் என்று ஒரு கூட்டம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொத்தான் வேகத்தைச் சேர்க்கும். எந்த ‘ஒன்றில்’ எடுக்க வேண்டும், எதற்கு அப்புறம் எது என்று அதற்குத் தெரியாது. அந்த வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது. கருவி வாங்கவும் அவசரப்பட வேண்டாம். மிக்ஸ் என்று முடியும் இடத்தில் கூடுதலாக இரண்டு எக்ஸ் போட்டு எழுதும் இலவச மென்பொருள் ஒன்று 2001 முதல் இருக்கிறது. ஒலியை வெட்டி ஒட்டி வரிசையாக அடுக்க ஆடாசிட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். மோல்ட்டன் செய்ததைத்தான் அதில் செய்யப் போகிறோம், 80 மணி நேரம் ஆகாது, அவ்வளவுதான்.

கையால் செய்கிற வேலைகளில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பாஸ் மாற்றுவது. இரண்டு ட்ராக்கின் பாஸும் சேர்ந்து ஓடினால் ஒன்றும் தெளிவாகக் கேட்காது, ஒரே இரைச்சலாக இருக்கும். அதனால் உள்ளே வரும் ட்ராக்கின் பாஸைக் கூட்டிக் குறைக்கும் லோ குமிழை முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒலி அளவை மாற்றும் ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். மேல் ஒலிகள் மட்டும் கசிந்து வரும். எண்ணிக்கொண்டே வந்து, 32 முடிந்து ‘ஒன்று’ விழும் அந்த நொடியில் பழையதன் பாஸை வெட்டி, புதியதன் பாஸைத் திறந்துவிடுங்கள். ட்ராக் மாறிவிட்டது என்று காலுக்குத் தெரியும், ஆட்டம் நிற்காது. அப்புறம், ஒலி அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கை எரிய விடாதீர்கள். டிஜிட்டல் பதிவில் உச்சி வெட்டுப்பட்டால் மீட்க வழி இல்லை. ஆறு டெசிபல் இடம் விட்டுப் பதிவு செய்துவிட்டு, பிறகு ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதெல்லாம் கைப்பழக்கம். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் மிக்ஸின் ருசியே இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 1982இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 என்ற பாஸ் இயந்திரம், ஜூபிட்டர்-8 சிந்தசைசர், இவ்வளவுதான் கருவிகள். அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2002இல் எடோ பவ்மன் என்ற நெதர்லாந்துக்காரர் கையில் ஒரு தட்டு சிக்கியது. 2010இல் அவர் அதை மறுபடி வெளியிட்டதும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், 1987இல் சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதே 303இன் குமிழ்களைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே வித்திட்டிருந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே மும்பையில் அதே இயந்திரம் ஏறக்குறைய அதே மாதிரி நெளிந்திருக்கிறது.

உடனே ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் சரண்ஜித் சிங்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது கொஞ்சம் அதிகம். யாருக்கும் அதிகம் தெரியாமல் கிடந்த ஒரு தட்டு சிகாகோ இளைஞர்களை எப்படி எட்டியிருக்கும்? கிட்டார்காரர்கள் வீட்டில் பயிற்சி செய்யத் துணையாக இருக்கட்டும் என்று 1981இல் வந்த கருவி அந்த 303. நிஜ பாஸ் மாதிரி ஒலிக்காததால் விலைபோகவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்ததும் சிகாகோ பையன்கள் வாங்கினார்கள். இங்கே ஒருவர், அங்கே சிலர், ஒரே இயந்திரத்தில் வெவ்வேறு வழியாக வந்து ஒரே மாதிரி ஒலியைத் தொட்டிருக்கிறார்கள். என் காதுக்கு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி அந்தக் கருவியில் இருந்ததுதான் முக்கியம். கமகம் பழகிய கை அதை விடுமா?

இந்தக் கதையை எழுதி அனுப்பினால் நண்பர் ‘அப்படியா’ என்பார். அந்தத் தட்டிலிருந்து ஒரு ராகத்தையும், சிகாகோவின் பழைய ஆசிட் ட்ராக் ஒன்றையும் வேகம் சரிசெய்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அதே நெளிவு, ஒன்றில் ராகத்துக்குக் கட்டுப்பட்டும் இன்னொன்றில் கட்டுப்பாடு இல்லாமலும் போவது காதிலேயே விழும்.

இப்போது பெயர் விஷயம். பெயரை மறைப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், பெரிய ஸ்பீக்கர்கள் வைத்துத் தட்டு போட்டு ஆட வைக்கும் சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்குள் கடும் போட்டி. காக்ஸன் டாட் போன்றவர்கள் அமெரிக்காவிலிருந்து அரிய தட்டுகளை வாங்கிவந்து, போட்டியாளர் பார்த்துவிடக் கூடாதென்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பழைய அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடிப் போட்ட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் டிஜேக்கள் ஒரு படி மேலே போய், லேபிளின் மேல் தாளை ஒட்டிப் பொய்ப்பெயரே வைத்தார்கள். அது அவர்கள் பிழைப்பு, புரிகிறது. வீட்டில் மிக்ஸ் போடும் நமக்கு யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது? ஆனாலும் ‘23வது நிமிடத்தில் வருவது என்ன?’ என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடிக்காது.

ட்ராக்லிஸ்ட் முழுசாகக் கொடுங்கள். நிமிடம், கலைஞர், ட்ராக் பெயர், ரீமிக்ஸ் என்றால் செய்தவர் யார், லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), வருடம். ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலி கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியாது. வேகம் மாறி, இரண்டு ட்ராக் ஒன்றின் மேல் ஒன்று ஓடும்போது அது பெரும்பாலும் திணறும். லேபிள் பெயர் ரொம்ப முக்கியம், ஏனென்றால் எலக்ட்ரானிக் இசையில் கலைஞர் பெயரை வைத்துத் தேடினால் பாதி வழியில் தடம் போய்விடும். ஒருவருக்கே பல பெயர். டெட்ராய்ட்டின் ஹுவான் அட்கின்ஸ்தான் மாடல் 500. ரிச்சர்ட் டி. ஜேம்ஸ்தான் ஏஃபெக்ஸ் ட்வின், அவரேதான் பாலிகன் விண்டோ. லேபிளைப் பிடித்தால் அட்கின்ஸின் மெட்ரோப்ளெக்ஸ் மாதிரி ஒரு குடும்பமே கிடைக்கும். இப்படித் தேட டிஸ்காக்ஸ் என்ற இணையதளப் பட்டியல் நல்ல துணை. 2000இல் தொடங்கியபோது அது எலக்ட்ரானிக் இசைக்கு மட்டுமான பட்டியலாகத்தான் இருந்தது.

கண்டுபிடித்ததைக் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். கலைஞரிடமே வாங்க பேண்ட்கேம்ப் மாதிரி இடங்கள் இருக்கின்றன. வீடியோவிலிருந்து உருவிய கோப்பு சின்ன ஸ்பீக்கரில் பரவாயில்லை என்று தோன்றும், பெரிய ஸ்பீக்கரில் அந்த ‘ட்ஸ்’ எல்லாம் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி ஆகிவிடும். உரிமை விஷயத்தையும் மறக்க வேண்டாம். மிக்ஸ் நம்முடையது, அதில் இருக்கும் இசை நம்முடையது இல்லை. விற்கக் கூடாது. பொதுவில் வைப்பதென்றால், உரிமையாளர்களுக்குப் பணம் போய்ச்சேர ஒப்பந்தம் செய்திருக்கும் மிக்ஸ்க்ளவுட் போன்ற இடத்தில் வைப்பது நல்லது.

முதல் மிக்ஸ் அரை மணி நேரம் இருந்தால் போதும். எட்டு ட்ராக், ஏழு இணைப்பு. பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அனுப்புவதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும், அது மணிக்கு 144 எம்பி. ட்ராக்லிஸ்ட்டை அந்த எம்பி3 கோப்பின் குறிப்புப் பகுதிக்குள்ளேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். கோப்பு கைமாறிக் கைமாறி எங்கே போனாலும் பெயர்களும் கூடவே போகும்.

நன்றி, வணக்கம்.