வழிநூலும் 11 விருதுகளும்

உதகை வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

நாவலிலிருந்து எடுக்கப்பட்டு விருதுகளைக் குவித்த மிகைப்புனைவுப் படங்கள், அதாவது ஃபேன்டஸி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் படங்கள், அந்தப் புகழுக்குத் தகுதியானவைதாமா என்று பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருவது ஒரே படந்தான். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை, இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் மூன்று படங்களாக எடுத்தார். அவற்றுள் 2003ஆம் ஆண்டு வந்த மூன்றாவது படமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’, மறு ஆண்டு ஆஸ்கர் விழாவில் 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு 11 விருதுகளையும் வென்றது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகியவற்றோடு, சிறந்த தழுவல் திரைக்கதை என்ற விருதும் அதில் அடக்கம்.

தழுவல் என்றால் என்ன என்பதைப் பற்றி நம் மொழியில் மிகப் பழைய காலத்திலேயே சிந்தித்திருக்கிறார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் வழிநூலுக்கு இலக்கணம் சொல்கிறார்: “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.” பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாறுபாடுகளைச் செய்யலாம், ஆனால் முதல் நூல் எந்த முடிபில் போய் நிற்கிறதோ அந்த முடிபில் அவனும் நிற்க வேண்டும். முடிபு என்பது கடைசிக் காட்சி மட்டுமன்று. அந்த நூல் முழுவதும் நடந்து சென்று கண்டடைந்த பொருள். கம்பன் இதை எப்படிச் செய்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான்; கம்பனிலோ அவளைத் தீண்டாமல், பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். நிகழ்ச்சி மாறியது, காவியத்தின் முடிபு மாறவில்லை. ஆகவே, ‘நாவலில் இருப்பது படத்தில் இல்லையே’ என்ற பொதுவான குறையை நான் சொல்ல வரவில்லை.

மாற்றம் எவ்வளவு அழகாக அமையும் என்பதற்கு இதே படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. கோண்டோர் என்ற நாடு பகைவர்களால் சூழப்படும்போது, மலை முகடுகளில் தீ மூட்டி அண்டை நாட்டாரைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் அங்கே உண்டு. நாவலில், காண்டால்ஃப் என்ற முதியவரும் பிப்பின் என்ற இளைஞனும் இரவில் குதிரையில் விரையும்போது, முகடுகளில் ஏற்கெனவே எரியும் தீயைக் காண்கிறார்கள். சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது, துணையைக் கேட்டுச் செல்வதும் சிவப்பு அம்பு ஏந்திய ஒரு தூதன்தான். படத்திலோ பிப்பினே யாருக்கும் தெரியாமல் பாறையில் தொற்றி ஏறித் தீ மூட்டுகிறான். அது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு, பகல் இரவாகி மீண்டும் பகலாகும்வரை, பனி மூடிய மலைகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது. தீ அப்படித் தாவிச் செல்லும்போது வசனம் எதுவும் இல்லை, ஹாவர்ட் ஷோரின் இசை மட்டுமே. கார்த்திகை மாலையில் திருவண்ணாமலை உச்சியில் தீபம் தெரிவதற்காகக் கழுத்து வலிக்கக் காத்து நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும். உடை, ஒப்பனை, கலை இயக்கம், ஒலி ஆகியவற்றுக்குக் கிடைத்தவற்றைப் பற்றியும் எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு திரைக்கதை விருதைப் பற்றியது. தீய ஆற்றல் கொண்ட மோதிரத்தை எரிமலையில் அழித்துவிட்டு, கதைநாயகன் ஃப்ரோடோ, அவன் தோழன் சாம் முதலிய நால்வரும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். படத்தில் ஊர் அப்படியே பச்சைப் பசேலென்று இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் ஒரு மேசையைச் சுற்றிப் பேசாமல் அமர்ந்திருக்க, ஊரார் ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றி வியந்துகொண்டிருக்கிறார்கள். போரிலிருந்து திரும்பியவனின் தனிமையை அந்தக் காட்சி உண்மையாகவே சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலில் அவர்கள் திரும்பி வரும்போது ஊரே இல்லை. மரங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன, பழைய ஆலையை இடித்துவிட்டுப் புகை கக்கும் ஆலை எழுப்பப்பட்டிருக்கிறது, தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது. கதையின் தொடக்கத்தில் எந்த மரத்தடியில் விருந்து நடந்ததோ அந்த மரம் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டு சாம் வாய்விட்டு அழுகிறான். எரிமலை வரை அழாமல் நடந்தவன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த அழுகை வேறு. இந்தப் பகுதி கதைக்கு இன்றியமையாதது என்றும், தொடக்கத்திலேயே எண்ணி வைத்தது என்றும் டோல்கீனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். முதல் படத்தில் ஒரு மாயக் கண்ணாடியில் ஷயர் எரிவது சில நொடிகள் தெரிகிறது. மூன்றாம் படத்தில் அது நடக்கவே இல்லை.

இந்த மலையில் பிறந்த நமக்கு அந்த நீக்கம் சிறிய விஷயமாக இருக்க முடியாது. எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். சில ஆண்டுகள் சமவெளியில் வேலை பார்த்துவிட்டு நான் திரும்பியபோது, பேருந்து நிற்கும் வளைவில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு இல்லை. அடிமரம் மட்டும் சாலையோரம் ஈரமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன். எதிர்ச் சரிவைக் காட்டி, “அதெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளிதான், கீழே ஓடை கோடையிலும் வற்றாது” என்று என் தந்தை சொல்வார். நான் அங்கே பார்த்து வளர்ந்ததோ சீகை மரங்களையும் கற்பூர மரங்களையும், அதாவது வாட்டிலையும் யூகலிப்டஸையும், மட்டுமே. நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் போருக்குப் பலியானவை அல்ல. விறகுக்கும் பட்டைக்கும் தேயிலைக்குமாக, பயன் என்ற பெயரில், கொஞ்சம் கொஞ்சமாகப் போனவை. நாவலில் ஷயர் அழிந்த விதமும் அதுதான். பெரிய பகைவன் வீழ்ந்த பிறகும் சொந்த ஊர் உள்ளிருந்தே கெட்டுப்போகலாம், அதைச் சரிசெய்வதும் அதே நால்வரின் வேலைதான் என்பது அந்த நாவலின் முடிபு. அந்த முடிபை விட்டுவிட்ட படத்துக்குத்தான் தழுவலுக்கான விருது போயிற்று.

மறுபுறம், 2012இல் வந்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பாருங்கள். புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் புலியோடு படகில் கடலைக் கடக்கும் கதை. கடைசியில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, புலியே இல்லாத கொடிய இன்னொரு கதையை அவன் சொல்கிறான். இயக்குநர் ஆங் லீ அதைப் படமாகக் காட்டவில்லை. அந்தச் சிறுவனின் முகத்தை மட்டும் காட்டுகிறார். ‘இரண்டில் எந்தக் கதை உங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்ற நாவலின் கேள்வி சிதையாமல் நம் முன் நிற்கிறது. அந்தப் படம் இயக்கம், ஒளிப்பதிவு, இசை, காட்சி விளைவுகள் என 4 ஆஸ்கர்களை வென்றது. தழுவல் திரைக்கதைக்கும் பரிந்துரைக்கப்பட்டது, ஆனால் அந்த விருது வேறு படத்துக்குப் போயிற்று. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது, தழுவலை எடைபோட அந்த விருதுக் குழுவினரிடம் பவணந்தியாரின் அளவுகோல் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

மூன்று படங்களையும் பார்த்துவிட்டு நாவலைத் தொடாத இளைஞர்கள் நம் மலையில் நிறையப் பேர் இருப்பீர்கள். அத்தனை பக்கங்களையும் இப்போதே படிக்க முடியாவிட்டாலும், மூன்றாம் பாகத்துக்குள் வரும் ‘ஆறாம் நூல்’ என்ற பகுதியின் எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்களை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். வனதேவதை போன்ற ஓர் அரசி சாமுக்கு ஒரு சிறிய பெட்டி கொடுத்திருப்பாள். படத்தில் அந்தப் பெட்டியே கிடையாது. அதற்குள் அவள் தோட்டத்து மண்ணும் ஒரே ஒரு விதையும் இருக்கும். வெட்டுண்ட மரங்கள் இருந்த இடத்திலெல்லாம் சாம் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் அந்த மண்ணில் ஒரு துகளை வைத்துக்கொண்டே ஊர் முழுக்க நடக்கிறான். விதையை, விருந்து மரம் நின்ற இடத்தில் ஊன்றுகிறான்.

நன்றி. வணக்கம்.